செவ்வாய்க்கிழமைக்காரியின் விற்பனைக் கணக்கு

உசிலம்பட்டியில் ஒரு மளிகைக் கடை. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சிக்கு என் பெயர் இன்று வரை தெரியாது. நான் வண்டியை நிறுத்தும்போதே உள்ளே திரும்பிக் குரல் கொடுப்பார்: "செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது, அந்தப் பணத்தை எடு." கல்லாப்பெட்டியின் வலது அறையில் ரப்பர் பேண்ட் போட்ட சின்னச் சின்னக் கட்டுகள் இருக்கும். அன்றைக்கு வரப்போகிறவர்களுக்குக் காலையிலேயே பிரித்து வைத்த பணம். எண்ணெய்க்காரருக்கு ஒன்று, பிஸ்கட்காரருக்கு ஒன்று, அப்பளக்காரியான எனக்கு ஒன்று. நான் பத்தே முக்காலுக்கு வந்துவிடுவேன் என்று தெரிவதால் என் கட்டு மேலேயே இருக்கும்.

அந்த மேல் இடத்தைப் பிடிக்க எனக்கு ஆறு ஆண்டுகள் ஆயின. அதற்கு முன்னால் நான் எந்தக் கிழமை வருவேன் என்று எனக்கே தெரியாது.

எங்களுடையது மதுரை ஜெய்ஹிந்துபுரத்தில் ஓர் அப்பளக் கம்பெனி. கம்பெனி என்பது தெருவில் வைத்த பெயர். உண்மையில் எட்டுப் பேர் வேலை செய்யும் ஒரு கூடமும் ஒரு மொட்டை மாடியும்தான். உளுந்த மாவைக் கையில் எடுத்ததும் அதன் பதம் சொல்லிவிடுவார் என் கணவர். ஆனால் அடுத்தவரிடம் பத்து ரூபாய் கேட்க அவருக்கு வாய் வராது. அதனால் 2001-இல் நான் டிவிஎஸ் மொபெட்டில் இரண்டு தகரப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். பத்து ஆண்டுகள் கழித்துக் குட்டி யானை லோடு வண்டி வாங்கினோம். இப்போது 110 கடைகளுக்குச் சரக்குப் போடுகிறேன். இந்த இருபத்துச் சொச்சம் ஆண்டுகளில் கற்றதைத்தான் எழுதுகிறேன். ஊறுகாய், சேமியா, பினாயில், ஊதுவத்தி என்று எதைச் செய்து கடை கடையாகப் போடுபவருக்கும் இது பொருந்தும்.

கிழமையை முதலில் கட்டுங்கள்

திங்கள் மேலூர், கொட்டாம்பட்டி. செவ்வாய் உசிலம்பட்டி, திரும்பும் வழியில் செக்கானூரணி. புதன் திருப்புவனம், மானாமதுரை. வியாழன் சமயநல்லூர், வாடிப்பட்டி. வெள்ளி திருமங்கலம், கள்ளிக்குடி. சனிக்கிழமை லைன், அதாவது கடைச் சுற்று, கிடையாது. கணக்கும், சமையல்காரர்களின் மொத்த ஆர்டர்களும் மட்டும். ஒரு நாளைக்கு 22 கடைகள். ஆரம்பத்தில் 35 கடைகள் வரை ஓடிப் பார்த்தேன். ஒரு கடைக்கு நான்கு நிமிடம்தான் கிடைத்தது. நான்கு நிமிடத்தில் சரக்கை இறக்கலாம்; அவ்வளவுதான் முடியும்.

லைன் போடும்போது வரைபடத்தைப் பார்ப்பதோடு கடைக்காரரின் நாளையும் பாருங்கள். காலை ஏழு முதல் ஒன்பதரை வரை பால், ரொட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று அவர் தலைநிமிர முடியாது. அப்போது போய் நின்றால் எரிச்சலைத்தான் வாங்கி வருவோம். பத்தரையிலிருந்து ஒன்றரை வரை நல்ல நேரம். இரண்டு மணிக்குச் சின்ன ஊர்களில் பாதிக் கடை சாத்தியிருக்கும். சந்தை கூடும் ஊர் என்றால் சந்தை நாளைத் தவிர்த்து மறுநாள் போங்கள். சந்தை அன்று கடைக்காரருக்கு நேரம் இருக்காது. மறுநாள் கல்லாவில் பணமும் இருக்கும், அலமாரித் தட்டில் காலி இடமும் இருக்கும். அமாவாசைக்கு மூன்று நான்கு நாள் முன்னால் அப்பளம் கடையில் இருந்தாக வேண்டும். அமாவாசை முடிந்து கொண்டுபோனால் அடுத்த அமாவாசை வரை காத்திருக்க வேண்டியதுதான். உங்கள் பொருளுக்கும் இப்படி ஒரு நாள் இருக்கும். அது எது என்று கடைக்காரரைக் கேளுங்கள், அவருக்குத் தெரியும்.

என் மகன் கேட்கிறான், "இத்தனை டீசல் போட்டு ஏன் அம்மா அலைய வேண்டும்? போனில் ஆர்டர் வாங்கினால் போதாதா?" போனில் கேட்டால் கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்தபடியே "இருக்கிறது, அப்புறம் பார்க்கலாம்" என்பார். தட்டில் எத்தனை இருக்கிறது என்று அவர் எழுந்து போய்ப் பார்க்கமாட்டார். நான் பார்ப்பேன்.

கிழமை தவறினால் என்ன ஆகும் என்பதையும் பட்டிருக்கிறேன். ஒரு முறை மாமனாருக்கு உடம்பு முடியாமல் மூன்று வாரம் செவ்வாய் லைன் போகவில்லை. நான்காவது வாரம் போனபோது ஒன்பது கடைகளில் என் இடத்தில் வேறொருவர் பாக்கெட் இருந்தது. யாரும் என்னிடம் கோபப்படவில்லை. "நீங்கள் வரவில்லையே அக்கா" என்று மட்டும் சொன்னார்கள். அந்த ஒன்பதில் ஐந்து கடைகளைத் திரும்பப் பிடிக்க எட்டு மாதம் ஆயிற்று. மீதி நான்கு போனது போனதுதான். அதற்குப் பிறகு, நான் போக முடியாத நாளில் என் தங்கை மகனையாவது அனுப்பிவிடுகிறேன். அவன் ஒன்றும் விற்கமாட்டான். ஆனால் செவ்வாய்க்கிழமை வண்டி வந்துபோகும்.

எண்ணிவிட்டுப் பேசுங்கள்

முதல் இரண்டு ஆண்டுகள் கடை வாசலில் நின்று, "அண்ணாச்சி, அப்பளம் வேண்டுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். "இருக்கிறது" என்று ஒரே வார்த்தையில் வழியனுப்பிவிடக்கூடிய கேள்வியை வியாபாரத்துக்குப் போகிறவர் கேட்கவே கூடாது என்பது பிறகுதான் புரிந்தது.

இப்போது வணக்கம் சொல்லிவிட்டு நேராகத் தட்டுக்குப் போகிறேன். என் பாக்கெட்டுகளை எண்ணுகிறேன். முன்னால் இருப்பதை மட்டும் எண்ணி ஏமாறக்கூடாது. சேமியாவுக்குப் பின்னால், வத்தல் பைக்கு அடியில் எல்லாம் ஐந்தாறு ஒளிந்திருக்கும். பழைய தேதி போட்டதை முன்னால் இழுத்து வைக்கிறேன். தூசி படிந்திருந்தால் இடுப்பில் செருகிய துணியால் துடைக்கிறேன். உடைந்ததைத் தனியே எடுத்து வைக்கிறேன். இதற்கு மூன்று நிமிடம் ஆகும். அதற்குள் கடைக்காரர் இரண்டு வாடிக்கையாளர்களை அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பியிருப்பார். அப்போது சொல்கிறேன்: "அண்ணாச்சி, போன வாரம் 40 வைத்தேன். 12 இருக்கிறது. 28 போயிருக்கிறது. இந்த வாரம் அமாவாசை வருகிறது, 36 வைக்கிறேன்." வேண்டுமா என்ற கேள்வியே அங்கு எழுவதில்லை. முப்பத்தாறா, முப்பதா என்பதுதான் பேச்சு. அவர் முப்பது என்றால் முப்பது. ஒரு பாக்கெட் கூடத் திணிக்கமாட்டேன். இந்த வாரம் திணித்த ஆறு பாக்கெட், நான்கு மாதம் கழித்து உடைசலாக என் வண்டிக்கே திரும்பி வரும்.

"வேண்டாம்" என்பதற்குப் பொருள் மூன்று. சரக்கு உண்மையிலேயே மிச்சம் இருக்கலாம். கையில் பணம் இல்லாமல் இருக்கலாம். நம்மேல் ஏதோ வருத்தம் இருக்கலாம். எண்ணி முடித்தவருக்கு முதலாவது உடனே தெரிந்துவிடும். தட்டு காலி, கல்லாவும் தடுமாறுகிறது என்றால் இரண்டாவது. தட்டு காலி, கல்லா நிறைந்திருக்கிறது, ஆனாலும் வேண்டாம் என்றால் மூன்றாவது. அப்போது விற்க முயலாதீர்கள். உட்கார்ந்து விசாரியுங்கள்.

திருப்புவனத்தில் ஒரு கடையில் இப்படித்தான் நடந்தது. தட்டில் இரண்டே பாக்கெட். "வேண்டாம்மா" என்றார் கடைக்காரர், முகத்தைப் பார்க்காமல். வற்புறுத்திக் கேட்டபோது அவர் மனைவி உள்ளிருந்து வந்து சொன்னார்: "உங்கள் அப்பளத்தைப் பொரித்தால் சோப்பு வாடை அடிக்கிறதாம். மூன்று வீட்டுக்காரர்கள் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்." எனக்கு வியர்த்துவிட்டது. மாவில் போடும் அப்பளக்காரம் கூடிப்போயிற்றா, எண்ணெய் கெட்டதா என்று என்னென்னவோ ஓடியது. கடைக்குப் பின்னால் அவர்கள் வீட்டுச் சமையலறையிலேயே சட்டியை வைக்கச் சொல்லி, தட்டில் இருந்ததில் ஒன்றையும் வண்டியில் இருந்ததில் ஒன்றையும் பொரித்தோம். வண்டியில் இருந்தது நன்றாக இருந்தது. தட்டில் இருந்தது, பொரிக்கும் முன்பே மூக்கருகில் கொண்டுபோனால் துணி சோப்பு மணத்தது. திரும்பி வந்து தட்டைப் பார்த்தேன். அப்பளத்துக்கு நேர் கீழே சோப்புக் கட்டிகள் அடுக்கியிருந்தன. பக்கத்தில் சூடத்தின் டப்பா வேறு. அவரிடம் ஒன்றும் விவாதிக்கவில்லை. அந்த இரண்டு பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு புதிதாக இரண்டு வைத்தேன். ஆணியில் ஒரு கயிற்றுச் சரம் கட்டி, பருப்பு வைத்திருந்த பக்கம் தொங்கவிட்டேன். அன்றிலிருந்து வண்டியில் ஒரு சுத்தியலும் ஆணிகளும் எப்போதும் இருக்கின்றன. அந்தக் கடை இன்றும் என் லைனில் இருக்கிறது.

உடைசலுக்கு ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். என் விதி: தேதி தாண்டாத பாக்கெட் உடைந்திருந்தால் மாற்றுப் பாக்கெட் தருவேன். பணமாகத் தரமாட்டேன், பில்லில் கழிக்கவும் விடமாட்டேன். கழிக்க விட்டால், எலி கடித்தது, மழையில் நனைந்தது எல்லாம் உடைசல் கணக்கில் வந்து சேரும்.

பழைய பில்லுக்குப் பணம், புதிய பில்லுக்குச் சரக்கு

"இன்று ரொக்கம், நாளை கடன்" என்று கடையில் பலகை மாட்டியிருப்பவர்தான் நம்மிடம் கடன் கேட்பார். அதில் தப்பில்லை. சின்ன ஊர்களில் அவரே ஊருக்குக் கடன் கொடுத்துத்தான் கடை நடத்துகிறார். கடனே கொடுக்காமல் லைன் ஓட்ட முடியும் என்று யாராவது சொன்னால் அவர் லைன் ஓட்டியதில்லை என்று பொருள். ஆனால் எத்தனை பில் வரை என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும். என்னுடையது ஒரே பில். போன வாரப் பில்லுக்குப் பணம் வந்தால் இந்த வாரச் சரக்கு இறங்கும். லைனில் இதைப் பில்லுக்குப் பில் என்போம்.

ஏன் இவ்வளவு கறார் என்று கேட்பவர்களுக்காக என் கணக்கையே சொல்கிறேன். 100 கிராம் பாக்கெட் கடைக்கு 26 ரூபாய். டீசல் வரை சேர்த்து எனக்கு அடக்க விலை 24. மிஞ்சுவது இரண்டு ரூபாய். 110 கடைகள், ஒரு கடைக்கு வாரம் 40 பாக்கெட், அதாவது சுமார் ஆயிரம் ரூபாய். ஒரு பில் கடன் என்றால் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் எப்போதும் வெளியே நிற்கும். அதுவே நான்கு பில்லானால் 4,40,000. அவ்வளவு சொந்தப் பணம் என்னிடம் இல்லை. நூற்றுக்கு ஒன்றரை வட்டிக்கு வாங்கித்தான் உளுந்து எடுக்க வேண்டும். மாத வட்டி 6,600 ரூபாய். என் மாத லாபமே சுமார் 38,000. கேட்கக் கூச்சப்படுவதற்கு மாதம் 6,600 ரூபாய் விலை. நாமே கொடுக்கிறோம்.

கூச்சத்தைவிட ஆசைதான் பெரிய நஷ்டத்தைத் தந்தது. வாரம் நாற்பது எடுக்கும் கடைகளுக்கு நடுவே ஒரு சூப்பர் மார்க்கெட் வந்து ஒரே தடவையில் ஐந்நூறு கேட்டது. ஊர், பெயர் வேண்டாம். முதல் இரண்டு பில்லுக்கு ஒழுங்காகப் பணம் வந்தது. மூன்றாவதிலிருந்து, "மேனேஜர் லீவு", "கணக்கு முடிக்கிறோம்", "பத்தாம் தேதி வாருங்கள்". நான் சரக்கை நிறுத்தவில்லை. அவ்வளவு பெரிய கடையில் நம் பாக்கெட் வரிசையாக அடுக்கியிருப்பதைப் பார்க்கப் பெருமையாக இருந்தது, அதுதான் காரணம். ஒரு நாள் காலையில் ஷட்டர் திறக்கவில்லை. 4,000 பாக்கெட்டுக்கான பணம் போயிற்று. இன்றைய விலையில் அடக்கம் மட்டும் 96,000 ரூபாய். பாக்கெட்டுக்கு இரண்டு ரூபாய் லாபத்தில் அதை மீட்க 48,000 பாக்கெட் விற்க வேண்டும். வாரம் நாற்பது எடுக்கும் ஒரு கடைக்கு 23 ஆண்டுகள் லாபம் எடுக்காமல் அப்பளம் போட்டால் அந்தக் கணக்கு தீரும்.

அன்றிலிருந்து எந்தக் கடையையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கவனிக்க வேண்டியவை என்று நான் வைத்திருப்பவை இவை. பில் 1,040 ரூபாய், வழக்கமாக 1,040-ஐ எண்ணித் தருபவர் இந்த வாரம் 500 தருகிறார். 500 போல ரவுண்டுத் தொகையாகப் பணம் வரத் தொடங்கினால் கடைக்குள் ஏதோ சரியில்லை. பெரிய கம்பெனிப் பொருள்கள் இருந்த இடத்தில் காலி அட்டைப் பெட்டிகளை அடுக்கி மறைத்திருப்பார்கள். வாரம் முப்பது எடுப்பவர் திடீரென்று நூறு கேட்பார். வேறு யாரோ அவருக்குச் சரக்கை நிறுத்தியிருக்கலாம், அல்லது நம் சரக்கை அடக்கத்துக்கும் கீழே தள்ளிப் பணமாக்கப் பார்க்கலாம். இதில் இரண்டு சேர்ந்தால் அந்தக் கடைக்கு அடுத்த மூன்று வாரம் ரொக்கம்தான்.

பணம் கேட்கும் முறைக்கும் பழக்கம் வேண்டும். சரக்கை இறக்கிவிட்டுக் கேட்டால் நம் கை தாழ்ந்துவிடும். எண்ணி முடித்ததும், புதுப் பில் எழுதும் முன், பழைய பில்லை எடுத்து மேசைமேல் வைத்து, "அண்ணாச்சி, போன வாரம் 1,040" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் நிற்பேன். தொகையைச் சொன்ன பிறகு அந்த அமைதியைத் தாங்குவதுதான் கடினம். ஆரம்பத்தில் நானே, "பரவாயில்லை, இருக்கிறதைக் கொடுங்கள்" என்று உளறிவிடுவேன். அவர் முழுதும் தர நினைத்திருந்தாலும் அதைக் கேட்டதும் பாதியாகிவிடும். பெண்பிள்ளை, அதட்டிக் கேட்கமாட்டாள் என்று நினைத்தவர்கள் உண்டு. நான் அதட்டியதில்லை. அடுத்த செவ்வாயும் வந்து அதே இடத்தில் நின்றேன், அவ்வளவுதான்.

கல்யாணச் சமையல்காரர்களுக்கு இந்த விதி பொருந்தாது. அவர்களிடம் பாதிப் பணம் முன்னால், மீதி சரக்கை இறக்கும்போது. கல்யாணம் முடிந்த பிறகு அப்பளத்தை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

பன்னிரண்டுக்கு ஒன்று

போட்டிக்காரர் பன்னிரண்டு எடுத்தால் ஒன்று இலவசம் என்று வந்தார். கடைக்காரர்கள் என்னையும் கேட்டார்கள். அன்று இரவு நோட்டில் போட்டுப் பார்த்தேன். பதின்மூன்று பாக்கெட்டின் அடக்கம், 24 வீதம், 312 ரூபாய். பன்னிரண்டுக்கு எனக்கு வரும் பணம், 26 வீதம், 312 ரூபாய். ஒரு ரூபாய் கூட இல்லை! ஒன்றுதானே என்று சிரித்துக்கொண்டே கொடுக்கத் தோன்றும் அந்த ஒன்றில்தான் என் முழு லாபமும் இருந்தது. நான் கொடுக்கவில்லை. பதினைந்து கடைகளில் விற்பனை குறைந்தது. போட்டிக்காரர் ஐந்தாவது மாதம் ஸ்கீமை நிறுத்தினார். பாக்கெட்டில் அப்பளத்தின் எண்ணிக்கையையும் குறைத்திருந்தார் என்று பிறகு தெரிந்தது.

சலுகை கொடுக்கும் முன் ஒரு தாளில் இப்படி வகுத்துப் பாருங்கள். கொடுப்பதானால் எல்லாக் கடைக்கும் ஒரே விலை கொடுங்கள். ஒரு கடைக்கு 26, பக்கத்துக் கடைக்கு 25 என்றால் அது ரகசியமாக இருக்காது. இருவரும் கீழமாசி வீதிக்கு மொத்தச் சரக்கு எடுக்க வரும்போது ஒரே டீக்கடையில்தான் நிற்பார்கள்.

ஒரு கடைக்கு ஒரு பக்கம்

என் கணக்கு நீளமான நோட்டில் இருக்கிறது. கைபேசியில் செயலி வைத்திருப்பவர்களைக் குறை சொல்லமாட்டேன். என் மகன் அதைத்தான் சொல்கிறான். எதில் எழுதினாலும் ஒரு கடைக்கு ஒரு பக்கம் வேண்டும். தேதி, தட்டில் இருந்தது, வைத்தது, பில் தொகை, வந்த பணம், பாக்கி. மேல் மூலையில் பென்சிலால் அந்தக் கடைக்கான உச்சக் கடன். இதில் தட்டில் இருந்த எண்ணிக்கையை எழுதும் பத்தியைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். எனக்கோ அதுதான் உயிர். ஒரு கடை ஆடியில் எவ்வளவு எடுத்தது, தையில் எவ்வளவு எடுத்தது என்று மூன்று ஆண்டுக் கணக்கை விரல் வைத்துச் சொல்ல முடிவது அதனால்தான்.

பணம் யூ.பி.ஐ. வழியாக வந்தால் உங்கள் கணக்கில் விழுந்ததை உங்கள் கைபேசியிலேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஒருவர் தன் திரையைக் காட்டினார், நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். அது பாதியில் நின்ற பரிமாற்றம். பணம் அவர் கணக்குக்கே திரும்பிவிட்டது. அவர் நல்லவர், மறு வாரம் தந்தார். எல்லோரும் அப்படி இருக்கமாட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும், சாப்பிடும் முன், ஏற்றிய சரக்கு, விற்றது, மாற்றிக் கொடுத்தது, மிச்சம் நான்கும் நேராக வேண்டும். பிறகு பையில் உள்ள பணம். என் கணவர்தான் இதைப் பார்ப்பார். ரொக்கம் கேட்க வாய் வராத மனிதருக்கு என்னிடம் மட்டும் வாய் வரும்: "செக்கானூரணியில் கத்தரிக்காய் வாங்கினாயே, அது யார் பணம்?" வசூல் பணத்தில் வீட்டுக்கு ஒரு கிலோ கத்தரிக்காய் வாங்குவது திருட்டில்லைதான். ஆனால் எழுதாமல் வாங்கினால் மாதக் கடைசியில் லாபம் எங்கே போனது என்று கண்டுபிடிக்க முடியாது. இப்போது எனக்கு மாதச் சம்பளம் உண்டு, அதிலிருந்து கத்தரிக்காய்.

மார்ச் முடிந்ததும் பாக்கி உள்ள ஒவ்வொரு கடையிலும், "31-3 நிலவரப்படி பாக்கி இவ்வளவு, சரி" என்று எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிடுங்கள். கொடுத்த சரக்குக்கான பணத்தைக் கேட்டு வழக்குப் போட 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி மூன்று ஆண்டுகள்தான் கெடு. அந்தக் கெடு முடியும் முன் கடன்பட்டவர் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அந்தத் தேதியிலிருந்து மூன்று ஆண்டுகள் புதிதாக எண்ணப்படும். வழக்கு வரை போக வேண்டாம். கையெழுத்துக் கேட்கும்போதே பல பேர் பாக்கியைத் தீர்த்துவிடுவார்கள்.

பெரிய கடைகளுக்கு

பொருளை நீங்களே தயாரிப்பவர் என்றால், குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவைச் செய்துகொள்ளுங்கள். அரசு இணையதளத்தில் கட்டணமே இல்லை. இதற்கு ஆயிரம், இரண்டாயிரம் வாங்கும் இடைத்தரகர்களிடம் போகாதீர்கள். 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு தொழிலில் சரக்கு வாங்கியவர் எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டி. இந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, உண்மையில் தரும் ஆண்டு வரை செலவாகக் காட்ட முடியாது என்ற வருமான வரி விதியும் 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு பெரிய கடைகளின் கணக்குப் பிரிவிலிருந்து அவர்களாகவே உத்யம் எண்ணைக் கேட்டுப் போன் செய்கிறார்கள். என் பில்லின் தலைப்பில் அந்த எண்ணை அச்சடித்திருக்கிறேன். வாங்கி விற்கும் வணிகர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அவர்களுக்கு உத்யம் பதிவு வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டுமே.

காசோலை திரும்பினால் உடனே நாள்களை எண்ணத் தொடங்குங்கள். வங்கி தெரிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். அது கிடைத்த 15 நாளுக்குள் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்கு. "அடுத்த வாரம் போடுங்கள், பாஸாகும்" என்ற பேச்சை நம்பி நாளைத் தவறவிடுபவர்கள்தான் அதிகம்.

மழைக்கு முன் சொல்லிவிடுங்கள்

ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் மாடியில் வெயில் இல்லை. அப்பளம் காயாது. கடைகளோ அப்போதுதான் அதிகம் கேட்கும். முன்பெல்லாம் எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு, பாதிப் பேருக்குக் கொடுக்க முடியாமல் முகத்தை மறைத்துக்கொண்டு திரிவேன். இப்போது ஆவணி, புரட்டாசியில் கூடுதலாகக் காயவைத்து இருப்பு வைக்கிறோம். ஐப்பசி பிறக்கும் முன்பே ஒவ்வொரு கடையிலும் சொல்லிவிடுகிறேன்: "அடுத்த ஆறு வாரம் உங்களுக்கு வாரம் 25 நிச்சயம். 26 கேட்டால் என்னிடம் இருக்காது." கடைக்காரர் முணுமுணுப்பார். ஆனால் அந்த இருபத்தைந்தும் கொட்டும் மழையில் தார்ப்பாய் போட்டு அவர் வாசலுக்கு வந்துவிடும்.

ஆளை வைக்கும்போது

போன தை முதல் ஒரு பையனை லைனுக்குப் பழக்குகிறேன். பதினெட்டு முடிந்தவன், வாயாடி. விற்பனைக்கு வாயாடிதான் வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். முதல் மூன்று வாரம் அவனை வாயைத் திறக்க விடவில்லை. எண்ண வேண்டும், துடைக்க வேண்டும், நோட்டில் எழுத வேண்டும். நான்காவது வாரம் பழைய பில்லை மேசைமேல் வைத்துத் தொகையைச் சொல்லலாம் என்றேன். முதல் நாள் தொகையைச் சொல்லிவிட்டு, நான் அந்தக் காலத்தில் உளறியதைப் போலவே, "பரவாயில்லை அண்ணாச்சி, மெதுவாகக் கொடுங்கள்" என்றான். வண்டியில் ஏறியதும் ஒன்றும் திட்டவில்லை. அந்தக் கடைப் பக்கத்தில் பாக்கியை அவன் கையாலேயே எழுதச் சொன்னேன்.

போன செவ்வாய் உசிலம்பட்டி கடைக்கு அவனை முன்னால் அனுப்பிவிட்டு நான் சரத்தில் பாக்கெட்டுகளைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி வீட்டில் ஏதோ விசேஷம், கல்லா வற்றியிருந்தது. ரப்பர் பேண்ட் கட்டில் பாதிப் பணம்தான் இருந்தது. "தம்பி, 36 சொன்னாய், 48-ஆகவே போடு, மொத்தமாக அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். பையன் நோட்டைப் புரட்டினான். மேல் மூலையில் பென்சிலால் எழுதியிருந்ததைப் பார்த்தான். "அண்ணாச்சி, பாதிப் பணத்துக்கு 18 வைக்கிறேன். மீதியை எப்போது கூப்பிட்டாலும் வந்து போடுகிறேன்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

அண்ணாச்சி அவன் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் திரும்பாமல் அப்பளத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.